கத்தோரி சிந்தோ ரியூ

தென்சின் சோடென் கத்தோரி சிந்தோ ரியூ என்பது ஜப்பானிய சாமுராய் வீரர்களின் மிகப் பழைய போர்க்கலை மரபுகளுள் ஒன்றாகும். "ரியூ" என்னும் சொல் ஆசிரியர், மாணவர் என வழிவழியாக வரும் கலைமரபைக் குறிக்கும். இம்மரபு 15ஆம் நூற்றாண்டில் ஈசாசா சோய்சாய் இயெனாவோ என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. 1960இல் சிபா மாநிலம் இதனைத் தொட்டுணர முடியாத பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

தோற்றம்

சிபா மாநிலத்தில் உள்ள கத்தோரி கோயில் வாள் தெய்வமான ஃபுட்சுநுசிக்கு உரியது. தம் தலைவரின் குடி வீழ்ந்த பின்னர் போர்த்தொழிலை விட்டு விலகிய இயெனாவோ, இக்கோயிலில் 1000 நாட்கள் நோன்பிருந்து பயின்றார் என்றும், தெய்வமே அவருக்குப் போர்க்கலைச் சுவடியை அருளியது என்றும் மரபுக்கதை கூறுகிறது. புகழ்பெற்ற வாள்வீரர் சுகஹாரா பொகுடென் (1489–1571) இம்மரபில் பயின்றவர்களுள் ஒருவர்.

உறுதிமொழி

மாணவராகச் சேர்பவர் விரலில் குத்தி எடுத்த குருதியால் உறுதிமொழித் தாளில் முத்திரை இடுவார். கலையின் நுணுக்கங்களை உறவினரிடம்கூட வெளியிடாமை, கலையைத் தவறாகப் பயன்படுத்தாமை, சூதாடாமை, இசைவின்றிப் பிற மரபினருடன் வாள் பொருதாமை ஆகியன அதன் கூறுகள்.

பயிற்சி முறை

வாள்வீச்சு, உறையிலிருந்து வாளை உருவும் கலை, ஏறத்தாழ 180 செ.மீ. நீளமுள்ள கோல், நகினாத்தா எனப்படும் நீள்பிடி வாள், ஈட்டி, எறிகத்தி, மற்போர் முதலியவை கற்பிக்கப்படுகின்றன. கோட்டை அமைத்தல், ஒற்றறிதல் போன்றவையும் பாடத்திட்டத்தில் அடங்கும்.

பயிற்சி முழுவதும் "கத்தா" எனப்படும் வரையறுத்த அசைவுத் தொடர்களால் ஆனது. மரவாள் ஏந்திய இருவர் இதனைச் செய்வர். பெரும்பாலும் மூத்தவர் தாக்குதலை ஏற்கும் பங்கை வகித்து, இளையவரை வழிநடத்துவார். வாள்வீச்சின் தொடக்கநிலையில் நான்கு கத்தாக்கள் மட்டுமே உள்ளன. எனினும், ஒவ்வொன்றும் இடைவிடாது தொடரும் நீண்ட மோதலாகும்.

கவசம் அணிந்த எதிரியை வெல்வதே இக்கலையின் நோக்கம் என்பதால் கழுத்து, அக்குள், மணிக்கட்டின் உட்புறம் ஆகிய கவசம் மூடாத இடங்களே குறிகளாகும். கத்தாவில் வாளும் வாளும் மோதுவதாகத் தோன்றும் பல இடங்களில் உண்மையான குறி எதிராளியின் உடலே. இவ்வாறு மறைப்பதால் பயில்வோர் காயமின்றி வேகமாகப் பயில முடிகிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கும் நுட்பம் புலப்படாது. ஆகவே அசைவுகளை மட்டும் கண்டு இக்கலையைக் கற்க இயலாது; அவற்றின் பொருளை ஆசிரியரே விளக்க வேண்டும்.

தமிழகச் சிலம்பப் போட்டிகளில் எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி பெறுவதுண்டு. கத்தோரி மரபில் இத்தகைய புள்ளிப் போட்டி இல்லை. மாணவரின் தேர்ச்சி மொகுரோகு, மென்கியோ, கொகுயி கைடென் என்னும் படிநிலைச் சான்றுகளால் அறியப்படுகிறது.

பிற்காலம்

1876இல் பொதுவிடங்களில் வாள் அணிவதற்குத் தடை விதிக்கப்பட்டது. சாமுராய் வகுப்பும் மறைந்தது. போர்த்தேவை நீங்கிய பின்னரும் இம்மரபு அறுபடாமல் கைமாறி வந்தது. 20ஆம் நூற்றாண்டில் இதன் முதன்மை ஆசிரியராக விளங்கியவர் ஒதாக்கே ரிசுகே (1926–2021). உறுதிமொழியைக் காத்துக்கொண்டே, கலை அழிந்துவிடாதிருக்க நூல்கள் எழுதினார். வெளிநாட்டு மாணவர்களையும் ஏற்றுக்கொண்டார். அமெரிக்க ஆய்வாளர் டான் டிரேகர் (1922–1982) அவ்வாறு பயின்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.