சுவிட்ச் நின்றால் கடை நிற்கும்: பராமரிப்பும் பரிகாரமும்

நெட்வொர்க் சுவிட்ச் என்பது ஒரு கட்டடத்திலுள்ள கணினி, பில் இயந்திரம், கண்காணிப்பு கேமரா, வைஃபை கருவி எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் பெட்டி. வரும் தகவல் எந்தக் கருவிக்கு உரியது என்று பார்த்து, அந்தக் கருவி இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை. வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தப் பெட்டி நின்றால் பில் வராது, கார்டு ஏறாது, கேமரா பதியாது.

குண்டலுபேட்டை மைசூருவிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், ஊட்டிக்கும் கோழிக்கோட்டுக்கும் சாலை பிரியும் ஊர். லாட்ஜ், உணவகம், பெட்ரோல் பங்க், காய்கறி மண்டி என்று பல தொழில்கள் இங்கே இரவு பகலாக நடக்கின்றன. பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. இரவில் சுவிட்ச் கெட்டால், பழுது பார்க்கும் ஆள் காட்டுக்கு அப்பால் கூடலூரிலோ சுல்தான் பத்தேரியிலோ இருந்தாலும் விடியும்வரை வர முடியாது. ஆகவே மாற்றுச் சுவிட்ச் ஒன்றும், அதில் ஏற்றவேண்டிய அமைப்பின் (கான்ஃபிகரேஷன்) நகலும் கடையிலேயே இருந்தாக வேண்டும். பெரும்பாலான கடைகளில் இரண்டும் இருப்பதில்லை.

அடிக்கடி நேரும் கோளாறு லூப். கூட்டித் துடைக்கிறவர் தரையில் கிடக்கும் கேபிள் முனையைப் பார்த்து, காலியான போர்ட்டில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருக்கிறது. உடனே எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னும். ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, சில நொடிகளில் மொத்த வலையும் திணறிவிடும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், இத்தகைய லூப்பைத் தடுக்கவேண்டிய ஸ்பானிங் ட்ரீ ஏற்பாடே வலை அளவு மீறி வளர்ந்ததால் நிலைகுலைந்தது. ஏறக்குறைய நான்கு நாட்கள் அங்கே எல்லாம் காகிதத்தில் நடந்தன. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. சிறு கடைக்கான தீர்வு எளிது: கடைசியாகச் செருகிய கேபிளை உருவ வேண்டும். பிறகு, ஸ்பானிங் ட்ரீயும் லூப் தடுப்பும் உள்ள மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி, அவற்றை இயக்கி வைக்க வேண்டும். விலை குறைந்த சாதாரண சுவிட்சில் பெரும்பாலும் இவை இருக்காது.

இந்த நேரத்தில்தான் மக்கள் பெரிய தவறைச் செய்கிறார்கள். ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதை அழுத்திப் பிடித்தால் சுவிட்சில் செய்து வைத்த அமைப்பு முழுவதும் அழிந்துபோகும். எப்போது என்ன நடந்தது என்ற பதிவும் பெரும்பாலும் கூடவே போய்விடும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அமைப்பின் நகல் கையில் இல்லாமல் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

அடுத்தது மின்சாரமும் கேபிளும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ சுவிட்சுக்கு மொத்த வாட் வரம்பு உண்டு. அந்த வரம்பு 60 வாட் என்றால், தலா 15 வாட் இழுக்கும் நான்கு கேமராவோடு கணக்கு முடிந்தது. பகலில் ஓடும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்துபோவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். கேபிளை வாங்கும்போதே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பிஓஇ மின்சாரம் ஓடும்போது செம்பைவிட அதிகம் சூடேறும். செம்புக் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுவதே பாதுகாப்பு. இடி விழும் காலத்தில் வெளியே தொங்கும் செம்புக் கம்பி இரண்டு பக்கத்துச் சுவிட்சையும் கருக்கிவிடும். யூபிஎஸ், சரியான எர்த், காற்றோட்டம் மூன்றும் வேண்டும். அடுப்பறைச் சுவரிலோ, மூட்டைகளுக்குப் பின்னாலோ சுவிட்சை மாட்டக் கூடாது.

மூன்றாவது ஆபத்து, எல்லாக் கருவிகளையும் ஒரே வலையில் போட்டு வைப்பது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. வலை முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. அந்தப் பிரிவினையைச் செய்வது சுவிட்சின் வேலை. மேனேஜ்டு சுவிட்சில் வீலேன் என்ற வசதியால் பில் கணினிக்கு ஒரு பிரிவு, கேமராவுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று என்று பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். லாட்ஜில் தங்குகிறவரின் கைபேசியும் கல்லாக் கணினியும் ஒரே வலையில் இருப்பது, கல்லாப்பெட்டியை வாசலில் வைப்பதற்குச் சமம்.

சுவிட்சுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் பழையதாகும். 2018 மார்ச் இறுதியில் சிஸ்கோ நிறுவனம் தன் சுவிட்சுகளின் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அடுத்த வாரமே அந்த வசதி வழியாக ஈரானிலும் ரஷ்யாவிலும் மற்ற நாடுகளிலும் பல சுவிட்சுகளின் அமைப்பு அழிக்கப்பட்டது. வசதியை அணைத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். பயன்படுத்தாத வசதியையும் காலி போர்ட்டையும் அணைத்து வைப்பதும், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுவதும் காசில்லாத காப்பு.

பராமரிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஒவ்வொரு சுவிட்சின் மாடல், வரிசை எண், வாங்கிய தேதி, எந்த போர்ட்டில் எந்தக் கருவி என்பவை இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை தூசி துடைத்து, விசிறி ஓடுகிறதா, எந்த போர்ட்டில் பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபர்ம்வேர் திருத்தம் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அமைப்பில் எதை மாற்றினாலும் அன்றே நகல் எடுத்து, கடைக்கு வெளியிலும் ஒரு படி வைக்க வேண்டும். பல அரசு அலுவலகங்களிலும் இது நடப்பதில்லை. ‘சர்வர் டவுன்’ என்று சொல்லி மக்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். கோளாறு சர்வரிலா, பக்கத்து அறைச் சுவிட்சிலா என்று பார்க்கக்கூட ஆள் இருப்பதில்லை.

இனிப் பரிகாரம். எது கெட்டது என்பதைப் பொறுத்து போகவேண்டிய இடம் மாறும்.

பெட்டி உத்தரவாதக் காலத்தில் கெட்டால்: வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும். வாய்ப்பேச்சில் விடாமல் விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். பயன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். குண்டலுபேட்டை 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய நினைப்பில் மைசூருவுக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். தானே உழைத்துப் பிழைக்க மட்டும் வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. அதை மனுவிலேயே எழுத வேண்டும். நிறுவன அளவில் நடக்கும் தொழிலுக்குப் பொதுவாக இந்த வழி இல்லை. அவர்கள் விற்பனையாளரோடு செய்யும் பராமரிப்பு ஒப்பந்தத்தில், எத்தனை மணி நேரத்தில் மாற்றுப் பெட்டி வரும் என்பதை எழுதி வாங்க வேண்டும்.

வெளி இணைப்பு கெட்டால்: இணைய நிறுவனத்திடம் புகார் எண் வாங்க வேண்டும். சரி செய்யாமலே ‘முடிந்தது’ என்று புகாரை மூடினால் அடங்கிவிடக் கூடாது. தீர்க்கவேண்டிய கெடு கடந்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். புகார் எண் இல்லாதவருக்கு மேல்முறையீடு இல்லை.

மின்னழுத்த ஏற்றத்தால் கருகினால்: இப்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் செஸ்க் நிறுவனத்தின் 1912 எண்ணில் உடனே பதிய வேண்டும். பிறகு எழுத்தில் மனு. தீராவிட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைகேள் அதிகாரி. கருகிய பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும், அது சாட்சி.

தாக்குதல் என்று தெரிந்தால்: 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவின்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்; எண் 1800-11-4949. பணம் போயிருந்தால் இணைய மோசடி உதவி எண் 1930. அதே உத்தரவு 180 நாள் பதிவுகளை வைத்திருக்கவும், கருவிகளின் கடிகாரத்தைச் சரியாக வைக்கவும் சொல்கிறது. நேரம் தவறிய பதிவைக் கொண்டு எதையும் நிரூபிப்பது கடினம். ஆகவே இங்கேயும் அதே எச்சரிக்கை: பதற்றத்தில் ரீசெட் அழுத்தக் கூடாது. பாதிக்கப்பட்ட கருவியின் கேபிளை உருவிவிட்டு, சுவிட்சை இயங்கவிட்டுப் பதிவை நகலெடுக்க வேண்டும்.

பழைய சுவிட்சைக் கழிக்கும் நாளில் மட்டும் ரீசெட் கட்டாயம். பாஸ்வேர்டும் வலை அமைப்பும் உள்ளே இருக்க, பெட்டியைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. நகல் எடுத்து, அழித்து, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்கி, அந்த ரசீதையும் அதே நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.