கதைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

குகைக்குள் நிற்கிறீர்கள். ‘வெஸ்ட்’ என்று தட்டினால் கதை உங்களை மேற்கே நடத்திப் போகும். வில் குரோதர் தொடங்கி, 1977-இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’ என்ற கணினிக் கதை இப்படித்தான் நகர்கிறது. நீங்கள் தட்டத் தட்ட நிரல் பின்னால் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கணக்கும் ஒரு பெயரின் கீழ் இருக்கும், அதுதான் மாறி.

உங்கள் கைவிளக்கின் ஆயுள் ‘லிமிட்’ என்ற மாறியில் இருக்கிறது. பொதுவாகத் தொடக்கத்தில் 330. விளக்கு எரிய எரிய ஒவ்வொன்றாகக் குறையும். 30-க்கு வந்ததும் எச்சரிக்கை, சுழியமானால் இருட்டு. ‘ஐவெஸ்ட்’ இன்னும் வேடிக்கை. ‘வெஸ்ட்’ என்று முழுதாக எத்தனை தடவை தட்டினீர்கள் என்பதை எண்ணுவது மட்டுமே அதன் வேலை. பத்தாவது தடவை, ‘டபிள்யூ’ மட்டும் போதுமே என்று கதை சொல்லும்! அன்றைய ஃபோர்ட்ரான் மொழியில் பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். கையிலுள்ள பொருள்களை எண்ணும் ‘ஹோல்டிங்’ அதனால் ஓர் எழுத்தை இழந்தது.

இன்று அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். கிறிஸ் கிளைமஸ் 2009-இல் வெளியிட்ட ட்வைன் என்ற கதை எழுதும் கருவியில் டாலர் குறி போட்டு எவ்வளவு நீளமாகவும் பெயர் வைக்கலாம். வெறும் ‘சாவி’ என்று வைத்தால், சாவி கிடைத்துவிட்டதா, எத்தனை கிடைத்தன என்று நாலு மாதம் கழித்து எழுதியவருக்கே குழம்பும். ‘சாவி_இருக்கு’ என்று வையுங்கள். நிபந்தனையைப் படித்தால் ஒரு வாக்கியம்போலவே இருக்கும். ‘சாவி_இல்லை’ மட்டும் வேண்டாம். ‘இல்லை என்பது பொய்யானால்’ என்று யோசிக்கும்போதே தலை சுற்றும். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் எழுதினால் எந்தக் கருவியும் ஏற்கும்.

எழுத்துப்பிழைதான் பெரிய எதிரி. ட்வைனின் ஹார்லோ வடிவம், பிழையாக எழுதிய பெயரை மதிப்பே தராத வேறொரு மாறி என்று நினைத்து, அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு பல நேரம் சத்தமில்லாமல் போய்விடும். கதவு ஏன் திறக்கவில்லை என்று நீங்கள்தான் தேட வேண்டும். சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற கதைமொழியிலோ மாறியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிழையான பெயர் வந்தால் ஓட்டம் அங்கேயே நிற்கும். புதியவர்களுக்கு இந்தக் கறார்தான் நல்லது.

எல்லாவற்றுக்கும் மாறி வைக்கவும் வேண்டியதில்லை. இங்கிள் நிறுவனத்தின் ‘இங்க்’ மொழி, வாசகர் ஒரு பகுதிக்கு எத்தனை முறை வந்தார் என்பதைத் தானே எண்ணி வைத்திருக்கும்.