வெளுக்காத விரல்கள்

பண்டார் தெங்காராவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். 1972இல் ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம், அதாவது கெஜோரா, அமைந்த பிறகு காட்டைத் திருத்தி உருவாக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. கூலாய் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் காலை நேரத்தில் காதில் விழும் சத்தம் பெரும்பாலும் இயந்திரச் சத்தம். தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின், சாய்ந்த மரத்தை அறுக்கும் சங்கிலி ரம்பம், பட்டறையில் கிரைண்டர், டயர் கடையில் நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி, ரோட்டு வேலையில் கான்கிரீட் உடைக்கும் கருவி. சத்தம் காதைக் கெடுக்கும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். இதே கருவிகள் கையைக் கெடுப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

புல் வெட்டுபவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தோளில் வார், இடுப்போரம் தண்டு, இரண்டு கையும் பிடியில். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓடும் இன்ஜின் என்றால் நொடிக்கு நூறு அதிர்வு. கத்தி கல்லில் பட்டு ஒரு முனை மழுங்கிவிட்டால் சமநிலை கெட்டு அது இன்னும் கூடும். நழுவாமல் இருக்க அவர் பிடியை இறுக்குவார். இறுக்க இறுக்க அதிர்வு கைக்குள் ஆழமாக இறங்கும். மெஷினை நிறுத்திய பிறகும் விரல் நுனி சுறுசுறுவென்று இருக்கும். “கை மரத்துப் போச்சுண்ணே, ஒரு தேத்தண்ணி குடிச்சா சரியாயிடும்” என்பார். அன்றைக்குச் சரியாகவும் ஆகிவிடும். இப்படியே வருடங்கள் போனபின் ஒரு நாள் சட்டைப் பொத்தான் விரலுக்குப் பிடிபடாது. சட்டைப்பையில் இருப்பது இருபது காசா, ஐம்பது காசா என்று தொட்டுச் சொல்ல முடியாது. இரவில் கை குடைந்து தூக்கம் கலையும்.

கை அதிர்வு நோய் இப்படித்தான் வரும். விரல்களின் நரம்பு, சிறு இரத்தக் குழாய், மூட்டு ஆகிய மூன்றையும் அது தாக்குகிறது. ஆரம்பத்திலேயே வேலையை மாற்றினால் பெரும்பாலும் தேறலாம். நரம்பு கெட்டு முற்றிவிட்டால் பழைய உணர்ச்சி திரும்புவது அரிது. இதைத் தீர்க்கும் மாத்திரை எதுவும் கிடையாது.

மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1911இல் இத்தாலியில் லோரிகா என்ற மருத்துவர், காற்றழுத்தக் கருவி பிடிக்கும் தொழிலாளர்களின் விரல் இரத்த ஓட்டம் கெடுவதைப் பதிவு செய்தார். 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள பெட்ஃபோர்ட் கல் குவாரிகளுக்கு டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் போனார். குளிர்ந்த காலைகளில் கல் வெட்டும் தொழிலாளர்களின் விரல்கள் இரத்தமே இல்லாதது போல் வெள்ளையாகிவிடுவதை எழுதி வைத்தார். பின்னாளில் இந்த நோய்க்கு ‘வெள்ளை விரல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதிர்வை அளக்கும் உலகத் தரமான ஐஎஸ்ஓ 5349 கூட, எத்தனை வருடத்தில் பத்தில் ஒருவருக்கு விரல் வெளுக்கும் என்ற கணக்கைத்தான் தருகிறது. ஒரு நாள் அதிர்வின் அளவு 7 மீட்டர்/விநாடி² என்றால் நான்கு வருடம், 3.7 என்றால் எட்டு வருடம். இந்தக் கணக்கு குளிர் நாடுகளின் அனுபவத்தில் பிறந்தது.

நம் ஊரில் குளிர் ஏது?

மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர்கள் மலேசியக் கட்டுமானத் தளம் ஒன்றில் 194 தொழிலாளர்களைப் பேட்டி கண்டு, கைகளைப் பரிசோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 18 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. கான்கிரீட் உடைக்கும் கருவியின் அதிர்வு 10 மீட்டர்/விநாடி² அளவுக்கு இருந்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டபோது ஒருவருக்குச் சராசரியாக 7.5 வந்தது. ஐரோப்பாவில் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 5. அந்த வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு அதிர்வில் நம்மவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விரல் மரப்பு, குறுகுறுப்பு, தொடு உணர்வு குறைதல், கழுத்து வலி எல்லாம் தென்பட்டன. வெப்ப நாட்டில் இந்த நோய் விரல் வெளுக்காமலே வரக்கூடும் என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான செய்தி.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த ஒரு வரிதான். உலகம் தேடும் அடையாளம் நம் தொழிலாளியின் கையில் தோன்றுவதில்லை. மரப்பை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் நோயே இல்லை என்று ஆகிவிடுகிறது.

நம் மக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. ஐம்பது வயதுத் தமிழர் ஒருவர் கிளினிக்கில் போய் “விரல் மரக்குது டாக்டர்” என்றால், இனிப்பு நீரின் வேலை என்று சொல்லி அனுப்பிவிடுவது மிகச் சுலபம். நீரிழிவு மரப்பு பொதுவாகப் பாதத்தில்தான் தொடங்கும். கால் நன்றாக இருந்து கை மட்டும் மரத்தால், என்ன வேலை, என்ன கருவி, எத்தனை வருடம் என்று கேட்டாக வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு மடங்க ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் குறுகுறுப்பு வந்தால் மணிக்கட்டு நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, மருத்துவர் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

சரி, என்ன செய்யலாம்? கையுறை என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். கையுறை வெட்டுக்காயத்தைத் தடுக்கும், கையை உலர்வாக வைக்கும். ஆனால் புல் வெட்டும் மெஷினும் உடைப்புக் கருவியும் தரும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அதிர்வுகளை, அதிர்வுக்கென்றே விற்கும் கையுறைகள்கூடப் பெரிதாகக் குறைப்பதில்லை. தடித்த கையுறை போட்டால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். கையுறை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் முதலாளி தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

நல்ல பலன் தருவது கருவியை மாற்றுவது. அதிர்வு பாதியானால் ஒரு நாளில் அதே அளவைத் தொட நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பது கணக்கு. 10 அளவுள்ள கருவியை அரை மணி நேரம் பிடித்தாலே ஐரோப்பிய விதியின் எச்சரிக்கை அளவான 2.5 வந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் உச்சவரம்பு 5. கருவியின் அளவு 5 ஆக இருந்தால் அந்த உச்சத்தைத் தொட எட்டு மணி நேரம் ஆகும். கணக்கில் சேர்வது இன்ஜின் ஓடக் கையில் இருக்கும் நேரம் மட்டுமே. ஆகவே புது மெஷின் வாங்கும்போது விலையோடு, கையேட்டில் போட்டிருக்கும் அதிர்வு அளவையும் பார்த்து வாங்குங்கள். பழைய மெஷினில் பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அந்த ரப்பர் அதிக விலையில்லை. கத்தியைத் தீட்டி வையுங்கள், கோணிய கத்தியைத் தூக்கிப் போடுங்கள்.

நேரத்தைக் குறைப்பது அடுத்த வழி. ஜப்பானில் 1970களிலேயே சங்கிலி ரம்பம் பிடிப்பதற்கு நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று நெறி வகுத்தார்கள். நம் தோட்டங்களில் இதைச் சொல்லும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஏக்கர் கணக்கிலும் டன் கணக்கிலும் கூலி வாங்கும் ஆள் எதற்காக மெஷினை நிறுத்துவார்? நிறுத்தினால் அவர் வீட்டுச் சோற்றில்தான் கை வைத்ததாகும். ஓய்வு நேரத்துக்கும் கூலி கணக்கிடாமல், இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்ய ஏற்பாடு செய்யாமல், தொழிலாளியிடம் அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. செம்பனைக் குலை வெட்டவும் மோட்டார் பொருத்திய அரிவாள் வந்துவிட்டது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ அந்த வகைதான். கழுத்தை வளைத்துக் கைபலத்தால் வெட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய உதவி, அதை வரவேற்கத்தான் வேண்டும். கூடவே வெட்டுபவரின் கையையும் கவனிக்கும் முறை வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சட்டம் இன்று தொழிலாளியின் பக்கம்தான் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு முதலாளியும் ஆபத்து மதிப்பீடு செய்தாக வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். முதலாளி தன் கடமையில் தவறினால் அபராதம் ஐந்து லட்சம் ரிங்கிட் வரை போகும். சத்தத்துக்கு 2019இல் தனி விதிமுறையே வந்தது. அதிர்வுக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் வழிகாட்டி. வழிகாட்டி விதிமுறையாக வேண்டும். வெப்ப நாட்டு உழைப்பாளியின் கையை வைத்து அதன் அளவுகளை எழுத வேண்டும்.

இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சட்டத்தில், ஐந்தாவது அட்டவணையில் அதிர்வால் வரும் நோய்கள் தொழில் நோய்களாக இடம் பெற்றிருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. இன்று தோட்டத்தில் மெஷின் பிடிப்பவர்களில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேபாளிகள். பெர்மிட் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது கை மரப்பையும் கூடவே கொண்டு போகிறார்கள், அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மெஷின் பிடிக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, விரல் மரத்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது மருந்தைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் பிடிக்கும் கருவியின் பெயரையும், தினமும் எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லி, அதை உங்கள் கார்டில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு சொக்சோவில் மனுப் போடும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பதிவுதான்.