கரும்புக் கத்தியும் தீட்டுக்கல்லும்

கரும்பு பயிரிடும் குடியானவர்கள் நிலத்தைத் திருத்துவதிலும் எருவிடுவதிலும் காட்டும் சிரத்தையில் ஒரு சிறு பங்கேனும் கத்தியின் கூரைப் பாதுகாப்பதில் காட்டுவதில்லை. மழுங்கிய கத்தியால் விளையும் நஷ்டம் உடனே கண்ணுக்குப் புலப்படாமையே இதற்குக் காரணமாகும்.

மழுங்கிய வாய் கரும்பை வெட்டுவதற்குப் பதிலாகப் பிளக்கிறது. விதைக்கரணையின் நுனி பிளவுபட்டால், அவ்வழியே பூசணங்கள் எளிதில் நுழைந்து, முளைக்கு முன்னரே கரணையை அழுகச் செய்யும். அறுவடைக் காலத்திலோ தீங்கு இன்னும் அதிகம். தரையோடு ஒட்ட வெட்டுவது கடினமாதலால் ஆட்கள் உயர்த்தி வெட்டுவர். இனிப்பு மிகுந்த அடிப்பாகம் வயலிலேயே தங்கிவிடும். கட்டை சிதைவதால் மறுதாம்புப் பயிரும் ஒரு சீராகத் துளிர்ப்பதில்லை.

தீட்டுவதற்கு ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் உள்ள இரட்டைக் கல் ஏற்றது. எஃகினும் கடினமான குருந்தக்கல் தென்னாட்டில் தொன்றுதொட்டு வழங்கி வந்ததாகும். ஆங்கிலத்தில் அதற்குள்ள ‘கொரண்டம்’ என்னும் பெயரும் தமிழினின்று பிறந்ததே. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் செயற்கையாக உண்டாக்கிய கார்போரண்டம் அதனினும் கடினமானது.

கல்லை நீரில் ஊறவைத்து, நனைத்த சாக்கின்மீது அசையாதவாறு அமைத்தல் வேண்டும். முதலில் சொரசொரப்பான பக்கத்தில் தீட்டுக. கத்தியின் அகலம் 3 அங்குலமாயின், முதுகை 1 அங்குலம் உயர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய 20 பாகைக் கோணம் கிடைக்கும். அக்கோணம் மாறாமல் அடியிலிருந்து நுனிவரை தீட்டி வர, எதிர்ப்புறத்தில் மெல்லிய பிசிறு எழும். அது வாய் நெடுகத் தோன்றிய பின்னரே கத்தியைத் திருப்ப வேண்டும். பிறகு வழவழப்பான பக்கத்தில், இருபுறமும் மாறிமாறி இலேசாகத் தீட்டிப் பிசிறை நீக்குக. கூரை விரலால் சோதிப்பது அபாயம். ஒரு கரும்புச் சோகையை அறுத்துப் பார்த்தல் போதும்.

வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் நீரின்றித் தீட்டினால் வாய் சூடேறும். ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடில் எஃகு நீலம் பாய்ந்து பதம் இழக்கும். பின்னர் எத்துணை தீட்டினும் கூர் நில்லாது.

கூர்மை மட்டும் போதாது. 1944-45-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட மறுதாம்புக் குட்டை நோய், கத்தியில் ஒட்டிய சாற்றின் மூலம் பரவுவது. ஆகையால் ஒரு வயலினின்று மற்றொரு வயலுக்குச் செல்லுமுன் கத்தியைக் கழுவிக் கிருமிநாசினியில் தோய்த்தல் அவசியம்.

டன் கணக்கில் கூலி பெறும் ஆட்கள் வேகத்தையே நாடுவது இயல்பு. வயலோரத்தில் ஒரு கல்லும் ஒரு குடம் நீரும் வைத்து, வேலையின் நடுவே தீட்டிக்கொள்ள அவகாசம் அளிப்பது நிலச் சொந்தக்காரரின் கடமை. அந்நேரம் வீணென்று எண்ணலாகாது. வெட்டிய கட்டைகளைக் குனிந்து பார்ப்பவர் அதன் பயனை உணர்வர். கிராம அதிகாரிகளும் இதனை அறுவடைக்கு முன்னரே குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.