பல நாள் நெடுநடை நிகழ்வுகள்: நாட்பட்ட நோயுள்ளோரும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

நெதர்லாந்து நாட்டில் 1909-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று நைமேகன் நகரில் நடைபெறும் ‘நான்கு நாள் நடை’ உலகின் மிகப் பெரிய பல நாள் நடை நிகழ்வாகும். ஜூலை மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை நிறைவுறும் இந்நடையில் 40,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்கின்றனர். வயதையும் பாலினத்தையும் பொறுத்து நாளொன்றுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்பவை இதில் இல்லை. நான்கு நாட்களையும் நிறைவு செய்தவர்க்குச் சிலுவை வடிவப் பதக்கம் வழங்கப்படுகிறது. இறுதி நாளில் வழியோரம் நிற்போர் கிளாடியோலஸ் மலர்களை அளித்து வரவேற்கின்றனர். அயர்லாந்து, ஜப்பான் உள்ளிட்ட பிற நாடுகளிலும் இத்தகைய நடைகள் உண்டு.

போட்டி இல்லை என்பதால் இடரும் இல்லை என்று கருதலாகாது. ஒரு நாளின் தூரத்தைக் குறித்த நேரத்திற்குள் முடிக்காதவர் மறுநாள் தொடர இயலாது. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்ற எண்ணமே உடலின் எச்சரிக்கைகளைப் புறக்கணிக்கச் செய்கிறது. 2006-ஆம் ஆண்டு கடும் வெப்பம் நிலவிய முதல் நாளில் நடந்தவர்களுள் இருவர் உயிரிழந்தனர். எஞ்சிய நாட்கள் கைவிடப்பட்டன. 2022-இல் வெப்பநிலை 35 பாகை செல்சியசைக் கடக்கும் என முன்னறிவிக்கப்பட்டபோது, அமைப்பாளர்கள் முதல் நாளை முன்கூட்டியே நீக்கி மூன்று நாட்களாகக் குறைத்தனர். நமக்கு 35 பாகை பழகிய வெப்பமாகத் தோன்றலாம். ஆயினும் பல மணி நேரம் இடைவிடாது நடக்கும் உடல் தானே வெப்பத்தை உண்டாக்குகிறது. நிழலில் அமர்ந்திருப்பவரின் பழக்கம் அங்கு உதவாது.

நீரிழிவு உள்ளோர்

நடக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கின்றன. இவ்விளைவு நடை முடிந்த பின்னரும் 24 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். எனவே, இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை பயன்படுத்துவோர்க்கு நடுவழியைவிட நள்ளிரவில் சர்க்கரை தாழும் வாய்ப்பைக் குறித்தே நான் கூடுதலாக அஞ்சுகிறேன். மருந்தளவை எவ்வளவு குறைப்பது என்பதைப் புறப்படுமுன் தங்கள் மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ள வேண்டும். நடக்கும் நாளில் தொடையில் இன்சுலின் செலுத்தினால் அது விரைந்து உறிஞ்சப்படும். வயிற்றுப் பகுதியே ஏற்றது. சர்க்கரை அளவு 70 மி.கி.க்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்கவும்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தோர்க்குக் கொப்புளம் தோன்றுவதே தெரியாது. ஈரமும் உராய்வும் சேர்ந்து உண்டாக்கும் சிறு கொப்புளம், நான்கு நாட்களில் ஆழமான புண்ணாக மாறக்கூடும். ஆகவே புறப்படுமுன் பாத உணர்வுச் சோதனை அவசியம். உணர்ச்சி இழப்பு உறுதியானால், இந்நடையைத் தவிர்க்குமாறே அறிவுறுத்துவேன். பிறர் ஒவ்வொரு மாலையும் பாதங்களை உடன் வருபவரிடம் காட்டிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

குருதியழுத்தம், இதயம், சிறுநீரகம்

சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை உட்கொள்வோர் வெப்பத்தில் விரைவில் நீரிழப்புக்கு ஆளாவர். பீட்டா தடுப்பி உட்கொள்வோரின் நாடித்துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது; ஆதலால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தை முடிவு செய்யலாகாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே நம்பத்தக்க அளவுகோல். கால்வலிக்காக டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குவது பலரிடம் காணப்படும் தவறு. நீரிழப்புடன் இவை சேரும்போது சிறுநீரகம் பழுதடையலாம்.

நீர் அருந்துவதிலும் அளவு வேண்டும். தாகமின்றி வெறும் நீரை மிகுதியாகப் பருகினால் குருதியில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு ஆகியவை ஏற்படலாம். தாகத்திற்கேற்ப அருந்தி, இடையிடையே உப்புள்ள உணவையும் உண்ணலாம். உப்பைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டவர்கள் இதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உடன் செல்வோருக்கு

நடப்பவர் தடுமாறினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ நடையை அங்கேயே நிறுத்துங்கள். வியர்வை வழிகிறது என்பதால் வெப்பத்தாக்கு இல்லை என்று எண்ணாதீர்கள். நிழலில் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். உதவி வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். நினைவு தெளிவற்றவர்க்கு வாய்வழி எதையும் புகட்டாதீர்கள். ஐரோப்பிய நாடுகளில் அவசர உதவி எண் 112. மருந்துகளின் வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறுமாதலால், பொதுப்பெயரும் அளவும் எழுதிய சீட்டை நடப்பவரின் சட்டைப் பையில் ஒன்றும் தங்களிடம் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.