சிறு நிறுத்தங்களில் மின்சைக்கிளைக் காக்கும் பூட்டுகள்

மிதிக்கும்போது மோட்டார் துணைக்கு வரும் மிதிவண்டியே மின்சைக்கிள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அந்த மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. வேகம் மணிக்கு 25 கி.மீ. ஆனதும் உதவி நின்றுவிட வேண்டும். நெதர்லாந்தில் விற்பனையாகும் புதிய மிதிவண்டிகளில் ஏறத்தாழ பாதி இந்த வகை. சராசரி விலை 2,000 யூரோவுக்கு மேல் என்பதால் திருடர்களின் கண் இவற்றின் மீது விழுகிறது. ரொட்டிக் கடையிலும் பள்ளி வாசலிலும் சில நிமிடங்கள் நிறுத்துகிறவர்கள் கனத்த பூட்டை எடுத்து மாட்டச் சோம்பல்படுவார்கள். ஆகவே சிறு நிறுத்தத்துக்கான பூட்டு நொடிகளில் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்தத் தேவைக்கு நெதர்லாந்தில் பரவலாகப் பயன்படுவது பின்சக்கர வளையப் பூட்டு. வண்டியின் சட்டத்திலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் இதை மறந்துவிட்டு வர வழியில்லை. நெம்பியைக் கீழே தள்ளினால் கடினமாக்கிய எஃகுக் கம்பி ஸ்போக்குகளுக்கு நடுவே புகுந்து வளையத்தை மூடும், சக்கரம் சுழலாது. பல மாதிரிகளில் பூட்டு திறந்திருக்கும் வரை சாவியை உருவ முடியாது. சாவி கைக்கு வந்துவிட்டால் வண்டி பூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டின் பழைய கறுப்பு சைக்கிள்களில் இருந்த பூட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

வளையப் பூட்டு வண்டியை ஓட்டிச் செல்வதைத் தடுக்கும். தூக்கிச் செல்வதைத் தடுக்காது. மின்சைக்கிளின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை. இருவர் சேர்ந்தால் எளிதாக வேனில் ஏற்றிவிடலாம். இந்தக் குறையைப் போக்கச் செருகு சங்கிலி உண்டு. அதன் ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் எஃகு முளை. சங்கிலியைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, முளையை வளையப் பூட்டின் துளையில் செருகினால் ஒரே சாவி இரண்டையும் பூட்டிவிடும்.

கட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். குட்டையான கம்பமானால் வண்டியை மேலே தூக்கிக் கழற்றிவிடலாம், மரவேலியை அறுத்துவிடலாம். தரையில் ஊன்றிய இரும்பு வளைவே ஏற்றது. சங்கிலி முன்சக்கரத்தை மட்டும் சுற்றியிருந்தால், சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோக முடியும். எனவே அது சட்டத்தின் ஊடாகச் செல்ல வேண்டும். சங்கிலி தரையில் கிடப்பதும் தவறு: வெட்டுக் கத்தரியின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியின் மேல் உடல் எடை முழுவதையும் செலுத்த அது வசதியாகிவிடும்.

பேட்டரியில் இயங்கும் அறுப்பு எந்திரத்துக்கு முன்னால் பெரும்பாலான பூட்டுகள் நெடுநேரம் தாங்காது. ஆனால் அதன் இரைச்சலும் தீப்பொறியும் நான்கு பேர் கவனத்தை இழுக்கும். திருட எடுக்கும் நேரத்தை நீட்டுவதுதான் பூட்டின் வேலை. நெதர்லாந்தில் ஏ.ஆர்.டி. என்ற அமைப்பு பூட்டுகளைச் சோதித்து நட்சத்திரத் தரம் வழங்குகிறது. மிதிவண்டிக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் குறைந்தது இரண்டு நட்சத்திரப் பூட்டு தேவைப்படும்.

வண்டி நின்ற இடத்திலேயே இருக்க, அதன் பாகங்கள் மட்டும் காணாமல் போவதும் உண்டு. பல நூறு யூரோ விலையுள்ள பேட்டரி தனிப் பூட்டால் சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் வளையப் பூட்டின் சாவியே அதற்கும் பொருந்தும். சில நிமிட நிறுத்தத்துக்குப் பேட்டரியின் இந்தத் தனிப் பூட்டு போதும். நெடுநேரம் நிறுத்தினால் பேட்டரியைக் கழற்றி எடுத்துச் செல்வது நல்லது. வண்டியின் கழற்றக்கூடிய காட்சித் திரையை எப்போதும் கையோடு எடுத்துக்கொள்ளலாம்.

மின்னணுக் காவல் பூட்டுகளுக்குத் துணை மட்டுமே. போஷ் நிறுவனத்தின் 'இ-பைக் லாக்' வசதியில், உரிமையாளரின் கைப்பேசி அருகில் இல்லாவிட்டால் மோட்டார் உதவி செய்யாது. ஆனாலும் வண்டியை மிதித்தோ தள்ளியோ கொண்டுபோக முடியும். ஒளித்து வைத்த ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுக்காது. வண்டி போன வழியைக் காட்டும்.

சட்டத்தில் பொறித்த எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தால் காவல்துறையில் புகார் தர உதவும். காப்பீட்டு இழப்பீடு கோரும்போது நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். சாவி பூட்டிலேயே இருக்க வண்டி திருடுபோனால், இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.