கத்தியது கம்ப்யூட்டர்! அகப்பட்டது கோளாறு!

"பிங்! பிங்! பிங்!"

ஓர் அலுவலகம் முழுவதும் இந்தச் சத்தம். கத்தியது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர்!

அங்கே பல கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பு சில சமயம் வேலை செய்யும். சில சமயம் செய்யாது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரி, சோதிக்கப் போனால் எல்லாம் சரியாக இருக்கும்!

அதைப் பராமரிப்பவர் ஒரு தந்திரம் செய்தார். இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பதில் வரும்போதெல்லாம் "பிங்" என்று சொல்லும்படி தம் கம்ப்யூட்டரைப் பழக்கினார். ஒலிபெருக்கியில் சத்தத்தை உச்சத்தில் வைத்தார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு கேபிள் முனையாக அசைத்துப் பார்த்தார்.

ஓரிடத்தில் சத்தம் சட்டென்று நின்றது. கோளாறு அகப்பட்டுவிட்டது!

ஒரே மாலையில்!

இந்தக் கதையைக் கேட்டு மிகவும் ரசித்தவர் மைக் மூஸ். "பிங்" என்ற புரோகிராமை எழுதியவரே அவர்தான்.

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் சண்டித்தனம் செய்தது. ஒரே மாலையில் உட்கார்ந்து இந்தப் புரோகிராமை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் "சோனார்" கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார்.

"இருக்கிறாயா?" என்று கேட்பதும், "இருக்கிறேன்" என்ற பதிலுக்குக் காத்திருப்பதும்தான் பிங்கின் வேலை. 2000-ம் ஆண்டில் மூஸ் கார் விபத்தில் இறந்தார். பிங் இன்றும் வேலை செய்கிறது.

குற்றவாளி யார்?

கம்ப்யூட்டருக்குள் செய்தியை வாங்கி அனுப்பும் உறுப்பு, நெட்வொர்க் கார்டு. அதை இயக்கும் புரோகிராமுக்கு "டிரைவர்" என்று பெயர். (கார் ஓட்டுபவர் அல்ல!) இணைப்பு அறுந்தால் எல்லாரும் கார்டையே திட்டுகிறார்கள். ஆனால் கேபிளோ, எதிர்முனையோ, டிரைவரோகூடக் குற்றவாளியாக இருக்கலாம்.

யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒரு வசதி உண்டு. நடந்ததை அவை எழுதி வைக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

"பிரீபிஎஸ்டி" அந்த வகையைச் சேர்ந்தது. "இப்கான்பிக்" என்று கட்டளையிட்டால், கேபிளில் உயிர் இருக்கிறதா என்று சொல்லும். "நோ கேரியர்" என்று வந்தால், முதலில் கேபிளை மாற்றுங்கள்.

"நெட்ஸ்டாட்" கட்டளை, எத்தனை செய்திகள் வந்தன, எத்தனை பழுதாயின, எத்தனை மோதிக்கொண்டன என்று கணக்குக் காட்டும்.

"வாட்ச்டாக் டைம்அவுட்" என்று பதிவேட்டில் இருந்தால்? கார்டிடம் கொடுத்த செய்தி போய்விட்டதாகத் தகவல் வரவில்லை. காவல் நாய் குரைத்துவிட்டது என்று பொருள். கார்டை வேறு துளையில் செருகிப் பார்க்கலாம். டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம்.

ஏமாற்றும் நோய்

பிங் ஒழுங்காக ஓடும். ஆனால் பெரிய படத்தை அனுப்பினால் நத்தை வேகம்! இது ஏன்?

ஒரு முனை, பேசுவதையும் கேட்பதையும் ஒரே நேரத்தில் செய்கிறது. மறுமுனை, ஒருவர் பேசி முடித்தபின்தான் அடுத்தவர் பேசலாம் என்று நினைக்கிறது. சிறிய செய்திகள் தப்பிவிடும்; பெரியவை மோதிச் சிதறும். இரு முனைகளையும் ஒரே மாதிரி அமைத்தால் நோய் தீரும். புதுக் கார்டு வாங்கினால், பணம்தான் போகும்!

ஒளிக்காத உண்மை

சில வேளை சிப்பிலேயே குறை இருக்கும். 1990-களின் பிற்பகுதியில் "ரியல்டெக் 8139" என்ற மலிவான சிப் எங்கும் பரவியது. அதற்குப் பிரீபிஎஸ்டி டிரைவர் எழுதியவர், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் பால்.

வரும் கடிதங்களையெல்லாம் ஒரே வட்டக் கூடையில் கொட்டும் தபால்காரர் மாதிரி அந்தச் சிப் நடந்துகொண்டது. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரே எடுத்துப் பிரதி செய்ய வேண்டும். அதனால் வேலை பளு கூடியது.

பில் பால் இதை மறைக்கவில்லை. இதைவிட மட்டமான சிப் அநேகமாக இருக்காது என்று டிரைவருக்குள்ளேயே எழுதி வைத்தார், காரணங்களையும் அடுக்கினார். திட்டினார், ஆனால் வேலை செய்ய வைத்தார்! விலை உயர்ந்த கார்டு வாங்க முடியாதவர்களுக்கும் நெட்வொர்க் கிடைத்தது.

உங்கள் வீட்டு இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிறகு பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போகலாம். ஆனால் குற்றவாளி யார் என்பது தெரியாது.

கடைக்குப் புறப்படும் முன், கேபிளைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள்!